கூட்டாளி தரும் அறைக்காசு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஒரு கருத்து யாரும் கேள்வி கேட்காமலே நிலைத்துவிட்டது. வெளியாளுக்கு அறை கொடுத்தால் அது வாடகை, கூட்டாளிக்குக் கொடுத்தால் அது உதவி. உதவியின் பேரில் கைமாறும் காசுக்கு வரியும் கிடையாது, கணக்கும் கிடையாது என்பதே அது. கல்லடியிலும் நாவற்குடாவிலும் போதனா வைத்தியசாலைக்கு மாற்றலாகி வந்த தாதியருக்கு அறை விடுகிறார்கள். வந்தாறுமூலை, செங்கலடிப் பக்கம் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள் போடிங் இருக்கிறார்கள். கொக்கட்டிச்சோலையிலும் வெல்லாவெளியிலும் படிப்பிக்கும் ஆசிரியர்கள் கிழமை நாட்களில் கூடப் படித்தவர் வீட்டில் தங்குகிறார்கள். இவர்களில் பெரும்பாலானோர் மாதம் முடிய ஒரு தொகை கொடுக்கிறார்கள். வாங்குபவர் அதை வருமானம் என்று ஒருபோதும் எண்ணுவதில்லை. இந்தக் கருத்துக்கு ஒரு துணைக்கருத்தும் உண்டு: ஒருதரம் கணக்குக் காட்டினால் இறைவரிக்காரர் பிறகு விடமாட்டார்கள் என்பது. இரண்டும் பிழை. இரண்டும் ஒரே குழப்பத்தில் பிறந்தவை. ஒரு தொகை வருமானமா என்பது ஒரு கேள்வி, அதற்கு வரி கட்ட வேண்டுமா என்பது வேறு கேள்வி. கூட்டாளியின் காசைப் பொறுத்தவரை முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்றும், இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை என்றும்தான் சட்டம் பதில் சொல்கிறது.

இந்தக் கருத்து வேரோடியதற்கு மக்களைக் குறை சொல்ல முடியாது. போர்க்காலத்தில் வீட்டில் இரவு தங்குபவர் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த மண் இது. ஆளின் பெயரைக் கடதாசியில் போடுவதற்கே இங்கே ஒரு தயக்கம் இருப்பது இயல்பு. வரிச் சட்டமும் நிலையாக நிற்கவில்லை. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம் தனிநபர் ஒருவருக்கு வருடம் 5 இலட்சம் ரூபா வரை விலக்கு அளித்தது. 2020 தொடக்கத்தில் அது 30 இலட்சமாக ஏறியது. பொருளாதாரம் சரிந்தபின் 2023 ஜனவரியிலிருந்து 12 இலட்சத்துக்கு இறங்கியது. 2025 ஏப்ரலிலிருந்து 18 இலட்சம். ஏழு வருடத்தில் நான்கு எல்லைகள். இடையில், 2024 நடுப்பகுதியில், சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கும் ஒரு கற்பனை வாடகையைக் கணித்து வரி போடும் யோசனை சர்வதேச நாணய நிதியத்தின் ஆவணத்தில் வெளிவந்து ஊரெல்லாம் பேச்சாயிற்று. அந்த யோசனைக்கும் நாம் இங்கே பேசும் விடயத்துக்கும் தொடர்பே இல்லை. அது கைக்கு வராத காசைப் பற்றியது, இது மாதாமாதம் கைக்கு வரும் காசைப் பற்றியது. ஆனால் இரண்டும் சேர்ந்து வீடு, வரி என்ற சொற்களைக் கேட்டாலே பதறும் நிலையை உண்டாக்கிவிட்டன. பதற்றத்தில் இருப்பவருக்கு “கூட்டாளி காசுக்குக் கணக்கில்லை” என்ற வார்த்தை ஆறுதலாக இருக்கிறது. ஆறுதலாக இருப்பதாலேயே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த நட்பு என்ற ஆதாரத்தைப் பார்ப்போம். சட்டம் வருமானத்தை வேலை, தொழில், முதலீடு, ஏனையவை என்று வகுக்கிறது. வாடகை முதலீட்டு வருமானத்துக்குள் வருகிறது. இந்த வகுப்பில் எங்கேயும் கொடுப்பவர் வாங்குபவருக்கு யார் என்ற கேள்வி எழவில்லை. மச்சான் தந்தாலும் முன்பின் தெரியாத வங்கி உத்தியோகத்தர் தந்தாலும், கட்டடத்தை அல்லது அதன் ஒரு பகுதியைப் பயன்படுத்துவதற்காகத் தரப்படும் பணம் வாடகையே. அன்பளிப்பு வேறு, அதை மறுக்கவில்லை. ஒருவர் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் போகும்போது பிள்ளையின் கையில் 5,000 ரூபா வைத்தால் அது வாடகை ஆகாது. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. இவர் அடுத்த மாதம் அறையை விட்டுப் போனால் இந்தப் பணமும் நிற்குமா? இவர் ஒரு மாதம் கொடுக்காவிட்டால் வீட்டுக்காரர் மனதுக்குள்ளாவது எதிர்பார்த்துக் காத்திருப்பாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தப் பணம் நட்போடு கட்டுண்டதல்ல, அறையோடு கட்டுண்டது. நட்பின் காரணமாக 25,000 ரூபா பெறுமதியான அறையை 12,000 ரூபாவுக்கு விட்டிருக்கலாம். அப்போதும் விட்டுக்கொடுத்த 13,000 ரூபா நட்பின் பங்கு. வாங்கிய 12,000 ரூபா வாடகை.

இந்தக் கருத்தில் உண்மையான வலு உள்ள இடம் செலவுப் பங்கு என்ற வாதம்தான். அதை அவசரமாகத் தள்ளிவிடக் கூடாது. புளியந்தீவில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து மூன்றாம் ஆளின் வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒருவர் முழு வாடகையையும் வீட்டுக்காரரிடம் கட்ட, மற்றவர் தன் பாதியை அவர் கையில் கொடுத்தால் முதலாமவருக்கு வருமானம் எதுவும் வரவில்லை. அவர் கையில் ஒரு சதமும் தங்கவில்லை. சொந்த வீட்டில் நண்பரை வைத்திருப்பவரும், அவருக்காக உண்மையில் கூடிய செலவை மட்டும் வாங்கினால், நியாயப்படி அங்கே வரிக்குரிய இலாபம் இல்லை. கனடாவின் வரி நிர்வாகம் இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்கிறது: வீட்டுச் செலவைப் பகிர்வதற்காக மட்டும் குடும்பத்தவர் தரும் தொகையை வாடகை வருமானமாகக் காட்ட வேண்டியதில்லை என்கிறது. செலவு எவ்வளவு கூடியது என்று பார்ப்பதில்தான் இங்கே பிழை விடுகிறார்கள். மின்சாரத்தை எடுப்போம். வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டண அட்டவணைக்கு மாறுகிறது. அதற்கு மேலும் படிப்படியாக அலகின் விலை ஏறுகிறது. 55 அலகில் நின்ற வீடு, நண்பரின் மின்விசிறியாலும் கணினியாலும் 95 அலகுக்குப் போனால், அவரால் கூடிய செலவு தலைக்குப் பங்கு போட்டு வரும் தொகையை விட மிக அதிகம். ஆகவே செலவுப் பங்கு என்று சொல்பவர் பலர் உண்மையில் தங்களுக்கே நட்டமான கணக்கை வைத்திருக்கிறார்கள். அதைச் சரியாக எழுதிப் பார்த்தால் அவர்களுக்குத்தான் நன்மை.

ஆனால் பெரும்பாலான ஏற்பாடுகள் இப்படிச் செலவை அளந்து வாங்குவதில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டோடு மாதம் 30,000 ரூபா என்று ஒரே தொகையாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். அதில் சோறு, மீன், மரக்கறி, எரிவாயு, மின்சாரம் எல்லாவற்றுக்கும் 20,000 ரூபா போனால் மிச்சம் 10,000 ரூபா அறைக்குரியது. அந்த மிச்சத்தைச் செலவுப் பங்கு என்று அழைக்க எந்த நியாயமும் இல்லை. இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. வெறும் அறையை விடுவது வாடகை. தொடர்ந்து சமைத்துப் போட்டு, உடுப்புத் துவைத்துக் கொடுத்து ஒருவரை, இருவரை, மூவரை வைத்திருப்பது மெல்ல மெல்லத் தொழிலின் தன்மையைப் பெறுகிறது. வாடகை பெறும் தனிநபருக்குத் திருத்தவேலை, பராமரிப்பு, தேய்மானம் ஆகியவற்றின் உண்மைச் செலவுக்குப் பதிலாக மொத்த வாடகையில் 25 சதவீதத்தைக் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. பற்றுச்சீட்டுத் தேவையில்லாத கழிவு அது. தொழில் வருமானம் என்றால் அந்த 25 சதவீதம் இல்லை. அரிசிக்கும் மீனுக்கும் உண்மையில் செலவழித்ததைக் கழிக்கலாம், ஆனால் தன் குடும்பம் சாப்பிட்டதைக் கழிக்க முடியாது. சந்தைக்குப் போய்வந்த கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வைப்பவருக்கு இதில் சிரமமே இல்லை. எழுதாதவர் சோற்றுக்குச் செலவழித்ததைக் கூடக் காட்ட வழியின்றி நிற்பார்.

“இவ்வளவு சின்னக் காசையும் வருமானம் என்று சொல்லலாமா” என்று கேட்பவர்களுக்கு எண்ணிக்கையிலேயே பதில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய வரிமதிப்பாண்டிலிருந்து ஒருவருக்கு வருடம் 18 இலட்சம் ரூபா வரை வரி இல்லை. அதாவது மாதம் சராசரி ஒன்றரை இலட்சம். வேறு வருமானமே இல்லாத ஒருவர் மாதம் 20,000 ரூபாவுக்கு அறை விட்டால் வருடம் 2,40,000 ரூபா. விலக்கெல்லையின் ஏழில் ஒரு பங்கைக் கூட அது எட்டவில்லை. வரி பூச்சியம். இப்போது ஏற்கெனவே சரியாக மாதம் ஒன்றரை இலட்சம் சம்பளம் எடுக்கும் ஒருவரைப் பார்ப்போம். விலக்கு முழுவதும் சம்பளத்திலேயே தீர்ந்துவிட்டது. அவர் அதே 2,40,000 ரூபாவை வாடகையாகப் பெற்றால் 25 சதவீதமான 60,000 ரூபாவைக் கழித்து மிச்சம் 1,80,000 ரூபா. விலக்கெல்லைக்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு வரி 6 சதவீதம். ஆக வருடத்துக்கு 10,800 ரூபா, மாதம் 900 ரூபா. 20,000 ரூபா வாங்கி 900 ரூபா வரி கட்டும் இந்த நிலையைத்தான் ஊர்ப் பேச்சு “அரைவாசியைக் கொண்டுபோய்விடுவார்கள்” என்று பெருப்பித்திருக்கிறது.

வரி உறைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. 6 சதவீதத்துக்குப் பின் அடுத்தடுத்த ஐந்தைந்து இலட்சத்துக்கு 18, 24, 30 என்று ஏறி, அதற்கு மேல் 36 சதவீதத்தில் நிற்கிறது. வருட வருமானம் 43 இலட்சத்தைத் தாண்டிய வைத்திய நிபுணரோ தனியார் நிறுவன முகாமையாளரோ அதே அறைக்கு அதே 2,40,000 ரூபா வாங்கினால் வரி 64,800 ரூபா வரும். கனமான தொகைதான். ஆனால் வாவிக்கரையில் அறை விடுபவர்களில் இந்த வரிசையில் நிற்பவர் எத்தனை பேர்? அந்தச் சிலருடைய கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் ஓய்வூதியம் எடுக்கும் ஆசிரியையும் தையல் தைத்துப் பிழைப்பவரும் பயந்துபோய் இருக்கிறார்கள்.

இங்கே மட்டக்களப்புக்கே உரிய ஒரு விடயம் இந்தக் கணக்கை முழுதாக மாற்றிவிடுகிறது. இப்பிரதேசத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகிறது. ஆரையம்பதியிலும் களுவாஞ்சிகுடியிலும் மட்டுமல்ல, காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கூட, தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுப்பதும் மருமகன் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். உறுதி மனைவியின் பெயரில் இருக்கும். ஆனால் அறையை நண்பருக்குக் கொடுப்பதும் மாதக் காசை வாங்குவதும் கணவர். அவருடைய கூட்டாளிதானே. அதனால் அது அவருடைய வருமானம் என்று வீட்டிலேயே எண்ணிக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இலங்கையில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியாகத்தான் வரி. ஆளுக்கு 18 இலட்சம் விலக்கு. ஆதனம் யாருடையதோ வாடகை அவருடையது. இருவர் பெயரிலும் இருந்தால் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரியும். மேலே சொன்ன மாதம் ஒன்றரை இலட்சம் சம்பளக்காரரின் மனைவிக்கு வேறு வருமானம் இல்லை, வீடு அவருடைய சீதனம் என்றால், அந்த 10,800 ரூபாவும் இல்லை. ஆனால் இது தானாக நடந்துவிடாது. பணம் கணவரின் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தால் கேட்கும்போது மனைவியின் வருமானம் என்று சொல்வதற்கு ஆதாரம் இராது. வீட்டுக்காரியின் பெயரிலுள்ள கணக்குக்குப் பணம் போகட்டும், பற்றுச்சீட்டில் அவர் கையெழுத்திடட்டும். இது வரியைத் தப்பும் தந்திரமா என்று சிலர் கேட்கக்கூடும். வீடு உண்மையில் கணவருடையதாக இருந்து, மனைவி பெயரில் வாங்குவதாக நடித்தால் அது தந்திரம். வீடு மனைவியுடையது என்பதை உள்ளபடி எழுதுவதில் தந்திரம் ஏதுமில்லை. உண்மையில் இதுவரை எழுதாமல் விட்டதில் மறைந்துபோனது வரியல்ல, அந்தப் பெண்ணின் வருமானம். வங்கிக் கடனுக்கோ வீசாவுக்கோ விண்ணப்பிக்கும்போது தனக்கென வருமானம் ஒன்றும் இல்லை என்று எழுதும் எத்தனையோ பெண்கள் மாதாமாதம் தங்கள் வீட்டு அறையால் உழைக்கிறார்கள்.

கணக்குக் காட்டினால் விடமாட்டார்கள் என்ற துணைக்கருத்தும் 2024 இல் வலுப்பெற்றது. அந்த வருடத் தொடக்கத்திலிருந்து 18 வயது நிரம்பியோர் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது டின் இலக்கம், எடுக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டதும், இலக்கம் எடுத்தவர் எல்லாரும் வரி கட்ட வேண்டும் என்று பலர் நினைத்துவிட்டார்கள். இலக்கம் ஆளை அடையாளம் காட்டுவது. வரி வருமானத்தின் அளவால் வருவது. 18 இலட்சத்துக்குள் நிற்பவர் இலக்கத்தோடு இருந்தாலும் வரி இல்லாதவரே. ஒரு கவனம் மட்டும் தேவை: எல்லை அந்தந்த வருடத்துக்கு உரியது. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான ஆண்டில் எல்லை 12 இலட்சம். அந்த ஆண்டில் ஓய்வூதியம் தவிர்ந்த சம்பளமும் வாடகையும் சேர்ந்து 14 இலட்சம் பெற்றவர், இன்றைய எல்லையைக் காட்டி எனக்கு வரி இல்லை என்று சொல்ல முடியாது. சம்பளம் மட்டும் உள்ளவருக்கு வரியை நிறுவனமே கழித்துவிடுகிறது. அறைக்காசும் சேர்ந்து எல்லையைத் தாண்டினால் நவம்பர் 30 க்குள் அவரே விவரத்திரட்டைக் கொடுக்க வேண்டும். பிந்தினால் வட்டியும் தண்டமும் சேரும். 10,800 ரூபாவைக் கட்டாமல் நாலைந்து வருடம் விட்டவருக்குப் பயம் உண்மையாகும் இடம் இதுதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த கேள்விச்செவியும் இந்தக் கருத்துக்கு உரம் போட்டிருக்கிறது. லண்டனில் சொந்த வீட்டில் ஓர் அறையை விட்டால் வரி இல்லையாம் என்று சொல்வார்கள். அது உண்மை. பிரித்தானியாவில் 1992 இலிருந்து அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. தான் வசிக்கும் வீட்டில் தளபாடத்தோடு அறை விடுபவருக்கு 2016 ஏப்ரலிலிருந்து வருடம் 7,500 பவுண் வரை வரி இல்லை. கவனித்தால், அங்கேயும் நண்பர், வெளியாள் என்ற பேதம் இல்லை. எல்லை தொகைக்குத்தான். இலங்கைச் சட்டத்தில் அறைக்கென்று அப்படி ஒரு தனி எல்லை வைக்கப்படவில்லை. அங்குள்ள விதியை இங்குள்ள வீட்டுக்குப் பொருத்திப் பேசுவது தவறு. அதைவிடப் பெரிய தவறு வெளிநாடுகளில் குடியுரிமை பெற்றவர்களுடைய இங்குள்ள வீடுகளில் நடக்கிறது. சுவிஸிலோ கனடாவிலோ இருப்பவர் கல்லடியிலுள்ள தன் வீட்டைப் பழைய கூட்டாளிக்குக் கொடுத்து, “வீட்டைப் பார்த்துக்கொள், மாதம் ஏதோ போட்டுவிடு” என்று சொல்லியிருப்பார். தங்கை பெற்றுக்கொள்வார். வீடு இலங்கையில் இருப்பதால் வருமானம் இலங்கையில் பிறந்தது. தங்கை வாங்கினாலும் உரிமையாளருடையது. 18 இலட்சம் விலக்கோ இலங்கையில் வதிபவருக்கும், வதியாதவராயினும் இலங்கைக் குடியுரிமை உள்ளவருக்கும் மட்டுமே. வருடத்தில் 183 நாளேனும் இங்கே இராமல், இலங்கைக் குடியுரிமையையும் விட்டு, இரட்டைக் குடியுரிமையும் எடுக்காதவருக்கு அந்த விலக்கு இல்லை. முதல் ரூபாவிலிருந்தே வரி தொடங்குகிறது. ஊரில் இருப்பவருக்குப் பூச்சியமாகும் அதே அறைக்காசு, வெளிநாட்டில் இப்படி இருக்கும் உரிமையாளருக்கு வரிக்குரியது. நண்பனுக்குக் கொடுத்ததுதானே என்று அயர்ந்திருப்பதால் அதிகம் அகப்படக்கூடியவர் இவரே.

யாருக்குத் தெரியப்போகிறது என்பது வாதமல்ல, துணிவு. என்றாலும் பலர் உள்ளூர நம்பியிருப்பது இதைத்தான். முன்பு காசு கையிலிருந்து கைக்குப் போனது. இப்போது நண்பர் கைபேசியிலேயே வங்கிக்கு அனுப்பிவிடுகிறார். ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில் ஒரே தொகை வரவில் விழுகிறது. விவரத்திரட்டோடு சொத்து, கடன் விவரமும் கொடுக்க வேண்டியிருப்பதால், காட்டிய வருமானத்துக்கு மேல் சொத்து வளர்ந்திருந்தால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். இதைவிட அன்றாடமான இடம் ஒன்று உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து நிலையான வைப்பு வட்டியில் வங்கி 10 சதவீதம் கழிக்கிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் உள்ளவர் வங்கியில் ஒரு வெளிப்படுத்தல் கொடுத்து அந்தக் கழிவை நிறுத்தலாம். ஓய்வுபெற்ற பலர் இதைச் செய்கிறார்கள். அந்த வெளிப்படுத்தலில் கையெழுத்திடும்போது மொத்த வருமானம் இவ்வளவுக்குள் என்று உறுதி சொல்கிறார்கள். அறைக்காசையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுபவருக்குப் பயமில்லை. அதை வருமானமே இல்லை என்று தள்ளிவைத்தவர், அறியாமலே பொய் உறுதி கொடுத்துவிடக்கூடும்.

இனி நியாயம் பற்றிய ஆட்சேபம். பெரிய முதலாளிகள் கோடிக்கணக்கில் தப்பும் நாட்டில், அறை ஒன்றை விட்டுப் பிழைக்கும் எளிய குடும்பத்திடம் சட்டம் பேசுவதா? இந்தக் கோபத்தில் பிழையில்லை. எளியவர் வரி கட்டாதவரும் இல்லை. 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாகிவிட்ட பெறுமதி சேர் வரியை நண்பருக்கு வாங்கும் சவர்க்காரத்திலும் பிஸ்கட்டிலும் சேர்த்துத்தான் கட்டுகிறார். வரிச்சுமை மேலிருப்பவர்களிடமிருந்து கீழிருப்பவர்களுக்குச் சரிக்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அந்த அநியாயத்துக்கும் கணக்கை எழுதாமல் விடுவதற்கும் தொடர்பில்லை. விலக்கெல்லைக்குள் நிற்பவர் எழுதுவதால் அரசுக்கு ஒரு சதமும் போவதில்லை. எழுதாமல் விடுவதால் முதலாளியிடமிருந்து ஒரு சதமும் வரப்போவதுமில்லை. எழுதாதவர் தன் உண்மையான வருமானத்துக்குத் தானே ஆதாரம் அழிக்கிறார், அவ்வளவுதான். அவருடைய கூட்டாளிக்கும் இதில் நட்டம் உண்டு. கொடுத்த முற்பணத்துக்கோ கட்டிய மாதங்களுக்கோ அவர் கையில் துண்டு எதுவும் இல்லை. உறவு கசந்தால் முதலில் தொலைவது அவருடைய முற்பணம்.

எழுத்தில் வைத்தால் நட்பு கெடும், அதோடு ஆள் சட்டப்படி வாடகைக்குடியாகி வீட்டை விட்டு எழும்பமாட்டார் என்ற அச்சம் கடைசியாக வருகிறது. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தால் வீடு மீட்க முடியாமல் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறிய கதைகள் நாடெங்கும் இருப்பதால் இதை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. ஆனால் வாடகை உறவு பிறப்பதற்குக் கடதாசி தேவையில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுதவேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மாதாமாத வாடகையோ வாய்ப்பேச்சிலேயே உண்டாகிவிடும். எனவே எழுதாமல் விட்டவர் அந்த ஆபத்திலிருந்து தப்பவில்லை. அதில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருக்கிறார், நண்பருக்கு இந்த அறை மட்டுமே, குசினியும் கிணறும் பொது, சாப்பாட்டுக்கு இவ்வளவு, அறைக்கு இவ்வளவு, போவதற்கு ஒரு மாதம் முன்னறிவித்தல் என்று அரைப்பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டால், தனி வீட்டைப் பூட்டும் திறப்புமாக எடுத்த வாடகைக்குடிக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகப் பதிவாகிறது. சாப்பாட்டையும் அறையையும் பிரித்து எழுதிய அதே வரி, இறைவரித் திணைக்களம் கேட்டாலும் பதிலாக நிற்கும்.

சட்டத்தில் திருத்த வேண்டியது இல்லையா என்றால், உண்டு. பல்கலைக்கழகத்துக்கும் வைத்தியசாலைக்கும் விடுதி போதாத ஊர்களில் வெளியூர் ஆட்களைத் தாங்குவது சாதாரண வீடுகள்தான். அவற்றின் ஓர் அறைக்கும், கொழும்பில் பத்து வீடு வாடகைக்கு விட்டிருப்பவரின் கட்டடங்களுக்கும் ஒரே விதியை வைத்திருப்பது பொருத்தமில்லை. பிரித்தானியாவில் உள்ளதைப் போல, தான் குடியிருக்கும் வீட்டில் அறை விடுபவருக்கு மட்டும் தனி எல்லை ஒன்று கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து இந்தக் கோரிக்கை போகவேண்டும். ஆனால் வருமானமே இல்லை என்று மறுத்துக்கொண்டிருப்பவர்களால் அதற்கு விலக்குக் கேட்க முடியாது. வருடத்துக்கு 3 இலட்சம் ரூபா என்று எல்லை வைத்தால் மாதம் 25,000 ரூபா வரை வாங்கும் வீட்டுக்காரருக்கு, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், அந்த அறைக்காகத் தனியாக விவரத்திரட்டு நிரப்ப வேண்டிய தேவை எழாது. அதற்கு மேல் வாங்குபவர் மேலதிகத்துக்கு மட்டும் கணக்குக் காட்டினால் போதும்.